அளந்த கடலும் அறிவித்த கரையும்



2017-ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 30-ஆம் நாளைக் குமரி மாவட்டக் கடற்கரை ஊர்கள் மறக்கமாட்டா. இலங்கைக்குத் தென்கிழக்கே முந்தின நாள் தோன்றிய தாழ்வு மண்டலம், ஒரே இரவில் வலுப்பெற்று, ஒக்கி என்னும் பெயர் தாங்கிய புயலாக மாறிக் குமரிக் கடலைக் கலக்கிற்று. தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை, நீரோடி முதலிய ஊர்களின் ஆழ்கடல் மீனவர் பலர், புயல் என்ற பேச்சே இல்லாத நாட்களில் கரை நீங்கிச் சென்றிருந்தனர். அவர்களுள் எத்தனையோ பேர் திரும்பவில்லை. உடலும் கிடைக்காமல், வெறும் நிழற்படத்தை நடுவில் வைத்து இறுதிச் சடங்கு நடத்திய குடும்பங்கள் உண்டு.

அந்நாட்களில் பலர் வாயிலும் எழுந்த கேள்வி ஒன்றே: "கடலைக் கவனித்துக்கொண்டிருந்தவர் ஒருவருமே இல்லையா?"

இருந்தனர். வானிலிருந்து செயற்கைக்கோள்கள் பார்த்துக்கொண்டிருந்தன. கடலில் மிதவைகள் அளந்துகொண்டிருந்தன. கரையில் அறிக்கைகளும் எழுதப்பட்டன. எனினும், நூற்றுக்கணக்கான கிலோமீட்டருக்கு அப்பால் தூண்டில் இட்டுக்கொண்டிருந்தவருடைய காதுக்கு அவ்வறிக்கை செல்ல வழியில்லை. கைப்பேசியின் அலை கரையிலிருந்து பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டரிலேயே ஓய்ந்துவிடும். படகிலுள்ள வயர்லெஸ் கருவியும் சில பத்துக் கிலோமீட்டருக்கு மேல் பேசாது.

கடலை அளப்பது ஒரு வேலை. அளந்ததைப் பிழையறக் குறித்துக் காப்பது இரண்டாவது வேலை. காத்ததை, வேண்டியவர் கைக்கு, வேண்டிய நேரத்தில், அவருக்கு விளங்கும் மொழியில் சேர்ப்பது மூன்றாவது வேலை. இம்மூன்றில் ஒன்று தவறினாலும் மற்ற இரண்டும் வீணாகும். இத்திங்கள் இம்மூன்றையும் பற்றிச் சற்று விரிவாகச் சிந்திப்போம். கடலோரக் குடும்பங்களுக்கு இது உயிர்ப் பிரச்சினை. உள்நாட்டுப் பங்குகளில் வாழ்வோரும் இதை அறிந்திருத்தல் நல்லது.

பழைய குறிப்பேடுகளின் கதை

கடற்செய்தியைப் பலரும் பகிர்ந்துகொள்ளவேண்டும் என்னும் எண்ணம் புதியதன்று. அமெரிக்கக் கடற்படையில் மாத்யூ மோரி என்னும் அதிகாரி ஒருவர் இருந்தார். 1839-இல் அவர் சென்ற குதிரை வண்டி கவிழ்ந்து கால் ஊனமுற்றது. கப்பலில் பணியாற்ற இயலாத அவரை, 1842-இல் வாஷிங்டன் நகரில் கடற்படையின் வரைபடக் கிடங்கிற்குப் பொறுப்பாளர் ஆக்கினார்கள். அங்கே, பயணம் முடித்து வந்த கப்பல்களின் நாட்குறிப்பேடுகள் தூசு படிந்து குவிந்து கிடந்தன. எந்த நாளில், எந்த இடத்தில், எத்திசைக் காற்று வீசிற்று, நீரோட்டம் எப்படி இருந்தது என்று மாலுமிகள் அவற்றில் எழுதியிருந்தார்கள். பயணம் முடிந்தபின் யாரும் அவற்றைப் புரட்டியதில்லை.

மோரி அவற்றை ஒன்றுசேர்த்துக் கணக்கிட்டு, 1847 முதற்கொண்டு காற்று, நீரோட்ட வரைபடங்களை வெளியிடலானார். அவற்றை அவர் விலைக்கு விற்கவில்லை. "உம் பயணக் குறிப்பை நான் தரும் படிவத்தில் எழுதித் தாரும், வரைபடத்தை இலவசமாகப் பெற்றுக்கொள்ளும்" என்பதே அவர் கப்பல் தலைவர்களுடன் செய்துகொண்ட ஏற்பாடு. கொடுத்தவர் பெற்றார்; பெற்றவர் மீண்டும் கொடுத்தார். நியூயார்க்கிலிருந்து தென்னமெரிக்காவைச் சுற்றிச் சான் பிரான்சிஸ்கோ செல்லும் பாய்க்கப்பல்கள் பல வாரங்களை மிச்சப்படுத்தின. 1853-இல் பிரசல்சு நகரில் பல நாட்டுப் பிரதிநிதிகள் கூடி, எல்லாக் கப்பல்களும் ஒரே முறையில் குறிப்பெழுத உடன்பட்டனர்.

இக்கதையில் கவனிக்கத் தக்கது ஒன்றுண்டு. மோரி புதிதாக ஒரு துளிக் கடலையும் அளக்கவில்லை. பிறர் அளந்து, கிடங்கில் முடங்கிக் கிடந்ததையே வெளியே எடுத்தார். அதற்கு ஒரே படிவம் என்னும் ஒழுங்கையும், தந்தவருக்குத் திருப்பித் தருதல் என்னும் நேர்மையையும் சேர்த்தார். இன்றுவரை உலகில் கடற்செய்தி வலை எங்கெல்லாம் செவ்வனே இயங்குகிறதோ, அங்கெல்லாம் இவ்விரண்டும் இருக்கக் காணலாம்.

நம் கடலை அளப்பவை

நம் நாட்டில் இப்பணிக்கென இரண்டு நிறுவனங்கள் சிறப்பாகக் குறிப்பிடத் தக்கவை. 1993-இல் சென்னையில் தொடங்கப்பட்ட தேசியக் கடல் தொழில்நுட்ப நிறுவனம், கடலில் மிதவைகளை நங்கூரமிட்டு நிறுத்துகிறது. 1999-இல் ஐதராபாத்தில் தொடங்கப்பட்ட இந்தியத் தேசியக் கடல்சார் தகவல் சேவை மையம், வந்து சேரும் செய்திகளைத் தொகுத்து அறிவிக்கிறது. இதனைச் சுருக்கமாக இன்காய்ஸ் என்பர். கடலே இல்லாத ஊரில் கடல் மையமா என்று சிலர் வியக்கலாம். அளவைகள் செயற்கைக்கோள் வழியே வந்து சேர்வதால், மையம் எவ்வூரில் இருப்பினும் வேலை நடக்கும்.

மிதவை என்பது மஞ்சள் வண்ணம் தீட்டிய பெரிய மிதப்பு. கடலடியில் நங்கூரமிட்டு, நீண்ட கயிற்றால் பிணைத்திருப்பார்கள். காற்றின் வேகம், திசை, காற்றழுத்தம், அலையின் உயரம், நீரின் வெப்பம், நீரோட்டம் ஆகியவற்றை அது இடைவிடாது அளந்து அனுப்பும். சில மிதவைகளின் கயிற்றில் 500 மீட்டர் ஆழம்வரை கருவிகள் தொங்கும். சூரிய ஒளித் தகடுகள் அதற்கு மின்சாரம் தருகின்றன. புயல் கடலின் மேற்பரப்பு வெப்பத்திலிருந்து ஆற்றல் பெறுவதால், ஆழத்தில் எவ்வளவு வெப்பம் சேர்ந்திருக்கிறது என்று அறிவது, புயல் வலுக்குமா தணியுமா என்று கணிக்க உதவுகிறது.

கரையில் நின்றே நீரோட்டத்தை அளக்கும் ரேடார் நிலையங்களும் உண்டு. தமிழகத்தில் கடலூரிலும் கல்பாக்கத்திலும் இத்தகைய நிலையங்கள் இணையாக நிறுவப்பட்டன. அவை ஏன் இணையாக வேண்டும் என்பது சுவையான செய்தி. நிலையம் வானொலி அலையைக் கடல்மீது அனுப்பும். அது கடலலையில் பட்டுத் திரும்பும்போது அதன் அதிர்வெண் சிறிது மாறியிருக்கும். இரயில் வண்டி நம்மை நெருங்கும்போது ஊதலொலி ஒரு விதமாகவும், கடந்து செல்லும்போது வேறு விதமாகவும் கேட்பதுபோல. அம்மாற்றத்தைக் கொண்டு நீர் தன்னை நோக்கி வருகிறதா, விலகிச் செல்கிறதா, எவ்வளவு வேகத்தில் என்று நிலையம் கணக்கிடும். குறுக்கே ஓடும் நீர் அதற்குத் தெரியாது. ஆகவே கடலூர் நிலையம் தனியே பாதி உண்மையை மட்டுமே அறியும். கல்பாக்கம் நிலையம் வேறொரு பாதியை அறியும். இரண்டும் தம் கணக்கை ஒன்றுசேர்த்தால்தான் நீவாடு எத்திசையில் செல்கிறது என்று கூற இயலும். காணாமற்போன படகு எப்பக்கம் அடித்துச் செல்லப்பட்டிருக்கும் என்று தேடுவோருக்கும், கடலில் கொட்டிய எண்ணெய் எந்த ஊர்க் கரையை அடையும் என்று அஞ்சுவோருக்கும் இத்தகைய கணக்கே கண்ணாகும்.

பதிவேட்டின் ஒழுங்கு

இனி இரண்டாவது வேலைக்கு வருவோம். அளந்த செய்தியை இக்காலத்தார் 'தரவு' என்பர். "29.4" என்று ஒரு எண்ணை மட்டும் எழுதி வைத்தால் அது தரவாகாது. அது நீரின் வெப்பமா, காற்றின் வெப்பமா? எந்த இடம், எந்த ஆழம், எந்த நேரம்? எந்தக் கருவி அளந்தது, அக்கருவி கடைசியாக எப்போது சரிபார்க்கப்பட்டது? இவ்வளவும் அருகில் இருந்தால்தான் அவ்வெண் பேசும்.

நம் பங்குக் கோவில்களில் உள்ள ஞானஸ்நானப் பதிவேட்டை நினைத்துப் பாருங்கள். குழந்தையின் பெயரை மட்டும் எழுதி, நாள், பெற்றோர், ஞானப்பெற்றோர், குருவானவர் ஒப்பம் ஆகியவற்றை விட்டுவிட்டால், நாற்பது ஆண்டு கழித்து அந்தப் பெயரால் யாருக்கு என்ன பயன்? அப்பிள்ளை வளர்ந்து வேறொரு பங்கில் மணம் முடித்தால், அச்செய்தி ஞானஸ்நானம் பெற்ற பங்கிற்கு எழுதி அனுப்பப்படுகிறது. இங்குள்ள ஏட்டின் ஓரத்தில் அது குறிக்கப்படுகிறது. ஓர் ஊரின் ஏடு மற்றோர் ஊரின் ஏட்டோடு பேசும்படியாக அமைந்த ஒழுங்கு அது. கடல் மையங்களும் இதையே செய்கின்றன. எல்லா நாட்டு மையங்களும் ஒரே வடிவில், ஒரே அளவு முறையில் எழுதினால்தான் ஒன்றன் ஏடு மற்றொன்றுக்குப் புரியும்.

நேரம் ஒன்றையே எடுத்துக்கொள்வோம். இந்திய நேரத்துக்கும் கிரீன்விச் நேரத்துக்கும் ஐந்தரை மணி வேறுபாடு உண்டு. ஒரு மிதவை இந்திய நேரத்திலும் மற்றொன்று கிரீன்விச் நேரத்திலும் எழுத, ஒருவர் கவனிக்காமல் இரண்டையும் சேர்த்துவிட்டால், புயல் ஐந்தரை மணி முன்போ பின்போ தள்ளிப்போய்விடும். கடலில் நிற்கும் படகுக்கு அந்த ஐந்தரை மணி வாழ்வும் சாவுமாகும். காற்றின் வேகத்தை ஒருவர் நாட் கணக்கிலும் மற்றவர் விநாடிக்கு இத்தனை மீட்டர் என்றும் எழுதினால், 20 என்ற எண்ணே ஒருவருக்குச் சாதாரணக் காற்றாகவும் மற்றவருக்குப் புயற்காற்றாகவும் பொருள்படும்.

பிழையைக் கையாளும் முறையும் அறியத் தக்கது. உப்புநீரில் கிடக்கும் கருவி தவறுவது இயல்பு. கருவியின்மேல் பாசியும் கொட்டலசும் படியும், மின்கலம் சோரும். நீரின் வெப்பம் 29 என்று வந்துகொண்டிருக்கையில் திடீரென 45 என்று ஒருமுறை வந்து மீண்டும் 29 ஆனால், அது பிழையென்று யாரும் சொல்லலாம். ஆயினும் ஒழுங்கான மையங்கள் அவ்வெண்ணை அழிப்பதில்லை. அருகில் ஒரு குறி இடுவார்கள். உலகின் பல மையங்கள் கையாளும் வழக்கப்படி 1 என்றால் நன்று. 3 என்றால் ஐயத்துக்குரியது. 4 என்றால் தவறு. 9 என்றால் அளவை வரவேயில்லை. பதிவேட்டில் தவறாக எழுதிவிட்டால் அதைச் சுரண்டி அழிக்காமல் ஓரத்தில் திருத்தக் குறிப்பு எழுதுகிறோம் அல்லவா? அது போன்றதே இது.

இதற்கு ஆழ்ந்த காரணம் உண்டு. புயலின் மையம் ஒரு மிதவையைக் கடக்கும்போது காற்றழுத்தம் கிடுகிடுவென்று விழும். காற்று ஒரு திசையிலிருந்து நேர் எதிர்த்திசைக்கு மாறும். வழக்கமான எண்களை மட்டுமே பழகிய கணிப்பொறிக்கு இது கருவிக் கோளாறாகத் தோன்றக்கூடும். வழக்கத்துக்கு மாறாக இருப்பதையெல்லாம் பிழையென்று அழித்துவிட்டால், முதலில் அழியப் போவது புயலே. ஆகவேதான் மூல எண்ணைக் காத்து வைத்து, குறியிட்டு, பயிற்சி பெற்ற ஒருவர் கண்ணால் பார்க்கவேண்டும் என்கிறார்கள். பெரிய உண்மை சில வேளைகளில் பிழையின் உருவத்தில் வந்து நிற்கும்.

சிப்பிக் குஞ்சுகள் தந்த பாடம்

பகிர்ந்துகொள்வதால் ஒரு தொழிலே பிழைத்த கதை ஒன்று அமெரிக்காவின் மேற்குக் கரையில் நடந்தது. அங்கே ஒரிகன், வாஷிங்டன் மாநிலங்களில் உணவுக்காகச் சிப்பி வளர்க்கும் குடும்பங்கள் பல. குஞ்சுகளைப் பொரிப்பகங்கள் உற்பத்தி செய்து அவர்களுக்குத் தருகின்றன. 2007-ஆம் ஆண்டளவில் தொடங்கி, நெட்டார்ட்ஸ் விரிகுடாவிலுள்ள பொரிப்பகத்தில் குஞ்சுகள் இலட்சோப இலட்சமாக மடிந்தன. நோய்க்கிருமி என்று முதலில் எண்ணி அதற்கான கருவிகளைப் பொருத்தினர். அப்போதும் சாவு நிற்கவில்லை.

பின்னர், அறிவியலாரும் பொரிப்பகத்தாரும் சேர்ந்து உண்மையைக் கண்டார்கள். கோடையில் வடகாற்று வீசும்போது, மேல்நீர் விலகி, ஆழத்திலுள்ள குளிர்ந்த நீர் மேலே வரும். அந்நீரில் கரியமில வாயு மிகுதி. அது நீரின் அமிலத்தன்மையைக் கூட்டுவதால், பிறந்த ஓரிரு நாட் குஞ்சுக்கு ஓடு கட்ட முடிவதில்லை. குறித்த நாளில், குறித்த மணியில், கடல்நீர் எப்படியிருக்கிறது என்று தெரிந்தாலன்றித் தப்ப வழியில்லை.

அங்குதான் செய்தி வலை கைகொடுத்தது. அமெரிக்கா தன் கரையைப் பதினொரு வட்டாரங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் கடலாய்வுச் சங்கம் ஒன்றை அமைத்திருக்கிறது. 2009-இல் இதற்கென நாடாளுமன்றச் சட்டமும் நிறைவேறியது. வடமேற்கு வட்டாரத்துச் சங்கமான நானூஸ், கடல் மிதவைகளின் அளவைகளையும் பொரிப்பகங்கள் தம் குழாயில் அளந்தவற்றையும் ஒரே இடத்தில், யாரும் உடனுக்குடன் பார்க்கும்படி வைத்தது. பொரிப்பகத்தார் அதைப் பார்த்து, கெட்ட நீர் வரும் நாளில் தொட்டிகளை நிரப்பாமல் காத்திருந்தனர். விரிகுடாவின் நீர்த்தாவரங்கள் பகல் முழுதும் கரியமில வாயுவை உட்கொள்வதால் பிற்பகலில் நீர் சீராகிறது என்று கண்டு, காலையில் நிரப்புவதைப் பிற்பகலுக்கு மாற்றினர். வேண்டும்போது சோடியம் கார்பனேட் கலந்து நீரைச் சரிசெய்தனர். குஞ்சுகள் பிழைத்தன.

வியாபாரத்தில் ஒருவருக்கொருவர் போட்டியான பொரிப்பகங்கள் தம் நீரின் இரகசியத்தை ஒருவருக்கொருவர் காட்ட முன்வந்தது சிறிய காரியமன்று. தன் குழாயில் வரும் நீர் கெட்டது என்று வெளியிட்டால் வாங்குவோர் என்ன நினைப்பார்களோ என்னும் அச்சம் யாருக்கும் இருக்கும். அவ்வச்சத்தைக் கடந்து எல்லோரும் சொன்னபடியால் எல்லோரும் தப்பினர்.

இதே நாட்டின் கீழைக் கரையில், சிங்கி இறால் பிடிக்கும் மீனவர்கள் 2001 முதற்கொண்டு தம் பொறிக்கூடுகளில் சிறு வெப்பமானிகளைக் கட்டிக் கடலடிக்கு அனுப்பி வருகிறார்கள். அறிஞர் கப்பல் எப்போதோ ஒருமுறை செல்லும் இடத்துக்கு மீனவர் கூடு நாள்தோறும் செல்கிறது. அளந்து தருபவரும் அவரே. அதன் பயனைப் பெறுபவரும் அவரே. மோரியின் பழைய ஏற்பாட்டை இங்கே மீண்டும் காண்கிறோம்.

கடைசிக் காத தூரம்

மூன்றாவது வேலைதான் எல்லாவற்றிலும் கடினம். ஐதராபாத்திலிருந்து செய்தி விநாடியில் மாவட்டத் தலைநகருக்கு வந்துவிடும். அங்கிருந்து கடற்கரைக் குடிசைக்கு வரும் கடைசிக் காத தூரத்தில்தான் பெரும்பாலும் நின்றுவிடுகிறது.

அதைக் கடக்க இயலும் என்பதற்கு நம்மிடமே சான்றுண்டு. புதுவை வட்டாரத்தில் எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1998 முதல் கிராம அறிவு மையங்களை ஏற்படுத்திற்று. வீராம்பட்டினத்து மையத்தில், அமெரிக்கக் கடற்படை வெளியிட்ட அலை உயரக் கணிப்பை இணையத்தில் எடுத்து, தமிழில் ஆக்கி, ஒலிபெருக்கியில் கரையெங்கும் அறிவித்தார்கள். அருகிலுள்ள நல்லவாடு கிராமத்தில் 2004 டிசம்பர் 26 அன்று, சிங்கப்பூரிலிருந்த ஊர்க்காரர் ஒருவர் தொலைக்காட்சியில் ஆழிப்பேரலைச் செய்தியைக் கண்டு தொலைபேசியில் வீட்டுக்குச் சொல்ல, ஊரார் அறிவு மையத்து ஒலிபெருக்கியைத் திறந்து எச்சரித்தனர். மூவாயிரத்துக்கும் மேற்பட்டோர் வாழும் அவ்வூரே உயிர் தப்பியது. நாடெங்கும் எச்சரிக்கை மையம் இல்லாதிருந்த காலத்தில், பழகிய ஒலிபெருக்கி ஒன்றும், அதைத் திறக்கத் தெரிந்த கையும் இருந்தமையால் இது கூடிற்று. அறிவு மையம் அன்றைக்கென வைக்கப்பட்டதன்று. நாள்தோறும் அலையும் விலைவாசியும் சொல்லிப் பழகியிருந்ததால்தான் ஆபத்து நாளில் மக்கள் அதன் குரலை நம்பினார்கள்.

ஆழிப்பேரலைக்குப் பின் 2007 அக்டோபரில் ஐதராபாத்தில் எச்சரிக்கை மையம் அமைந்தது; இந்தியப் பெருங்கடலைச் சூழ்ந்த பிற நாடுகளுக்கும் அது செய்தி தருகிறது. ஒக்கிக்குப் பின், 2019-இல், கைப்பேசி எட்டாத ஆழ்கடலிலும் செயற்கைக்கோள் வழியே எச்சரிக்கையைப் பெறும் 'ஜெமினி' என்னும் கருவி அறிமுகமாயிற்று. அது கேட்கும், பேசாது. ஆகவே படகிலிருந்தும் செய்தி அனுப்பக்கூடிய கருவிகளை ஒரு இலட்சம் படகுகளில் பொருத்தும் திட்டம் 2024 ஆகஸ்டில் தொடங்கப்பட்டது. நம் ஊர்ப் படகுகளில் இவற்றுள் ஏதேனும் உண்டா, உண்டெனில் மின்னேற்றிச் செல்கிறார்களா என்று கேட்கவேண்டியவர்கள் வீட்டில் இருப்பவர்களே.

எச்சரிக்கை இருந்தும் உயிர் காக்க இயலாத துயரமும் உண்டு. தொலைதூரத் தென்கடலில் எழும் புயல்கள் கிளப்பிய நெடிய அலைகள் பல நாள் பயணம் செய்து நம் தென்கரையை வந்தடையும். இங்கே காற்றிராது, வானம் தெளிந்திருக்கும், கடல் மட்டும் திடீரெனப் பொங்கும். முன்னறிவிப்பின்றித் திருடன்போல் வருவதால் கேரளக் கரையார் இதனைக் 'கள்ளக்கடல்' என்றனர். இப்போது இதனை முன்கூட்டியே கணித்துச் சொல்கிறார்கள். 2024 மே மாதத்தின் முதல் வாரத்தில் அவ்வாறே எச்சரிக்கை வெளியாயிற்று. ஆயினும் மே 6 அன்று குமரி மாவட்டத்து லெமூர் கடற்கரையில், மருத்துவம் பயின்ற இளைஞர் ஐவர் அலையில் சிக்கி மாண்டனர். எச்சரிக்கை பிறந்திருந்தது; ஆனால் அது அவர்களைக் காக்கவில்லை.

வந்து சேரும் செய்தியும் விளங்கவேண்டும். "அலை உயரம் 3 மீட்டர்" என்று அறிக்கை சொன்னால், எல்லா அலையும் 3 மீட்டருக்குள் அடங்கும் என்று பலர் எண்ணுகிறார்கள். அது அவ்வாறன்று. எழும் அலைகளுள் உயரமான மூன்றிலொரு பங்கை எடுத்து, அவற்றின் சராசரியையே அறிக்கை கூறுகிறது. இடையிடையே ஏறத்தாழ அதன் இருமடங்கு உயரத்தில் தனி அலை எழலாம். 3 மீட்டர் என்றால் எப்போதாவது 6 மீட்டர் அலையும் படகின்முன் வந்து நிற்கக்கூடும் என்று ஒவ்வொரு கடலோடிக் குடும்பமும் அறிந்திருக்கவேண்டும்.

நம் கடமை

இறுதியாக, நம் பக்கம் உள்ள குறையையும் மறைக்காமல் சொல்லவேண்டும். கடலில் மிதக்கும் எப்பொருளின் நிழலிலும் மீன் கூடும். ஆகவே மிதவைகளைத் தேடிப் படகுகள் செல்கின்றன. சிலர் படகை அவற்றில் கட்டுகிறார்கள், கயிறு அறுகிறது, கருவி உடைகிறது. சூரிய ஒளித் தகடுகளைக் கழற்றிச் செல்வோரும் உண்டு. மிதவை ஒன்று ஊமையானால் அந்தக் கடற்பரப்பு முழுவதும் மையத்தின் கணக்கில் குருடாகிவிடும். அதைச் செப்பனிடக் கப்பல் செல்லப் பல நாட்களோ வாரங்களோ ஆகலாம். அவ்விடைவெளியில் ஒரு புயல் பிறந்தால், அது முதலில் தேடிச் செல்வது நம் ஊர்ப் படகையே. மிதவையைக் காப்பது அரசுக்குச் செய்யும் உபகாரமன்று. பக்கத்து வீட்டுப் பிள்ளையின் உயிரைக் காப்பது.

மறுபுறம், மையங்களுக்கும் ஒரு சொல் உண்டு. மீனவர் தலைமுறை தலைமுறையாக மீன்கூடும் பாறைகளையும் நீவாட்டின் போக்கையும் அறிந்து வைத்திருக்கிறார்கள். அவ்வறிவே அவர்களுடைய சொத்து. அவர்களிடம் கேட்டுப் பெற்ற செய்தியைப் பெருமுதலாளியின் கப்பலுக்கு வழிகாட்டப் பயன்படுத்தினால், அடுத்த முறை யார் வாய் திறப்பார்? கேட்டவர் எதற்காகக் கேட்கிறோம் என்று சொல்லவேண்டும். தந்தவருக்குப் பயன் திரும்பவேண்டும். மறைக்கத் தக்கதை மறைத்துக் காக்கவும் வேண்டும். நம்பிக்கை குலைந்த இடத்தில் பகிர்வு நிலைக்காது.

நாம் உடனே செய்யக்கூடியவை சில உள. இன்காய்ஸ் நாள்தோறும் வெளியிடும் அலை, காற்று அறிவிப்பைப் பள்ளி மாணவர் ஒருவர் கைப்பேசியில் எடுத்துக் கோவில் முகப்பிலுள்ள கரும்பலகையில் எழுதலாம். எழுதும்போது எந்நாள், எந்த நேரம்வரை செல்லும் என்பதையும் மறவாமல் எழுதவேண்டும். நேற்றைய செய்தி இன்று அழிக்கப்படவேண்டும். எச்சரிக்கை நாளில் கோவில் ஒலிபெருக்கி அதற்குப் பயன்படட்டும். கடற்கரைக்கு உலாவ வரும் வெளியூராருக்கும் அது கேட்கட்டும். எந்தப் படகு எப்போது சென்றது, எத்தனை பேர், எத்திசை, எப்போது திரும்பும் என்று ஒரு குறிப்பேடு ஊரில் இருக்கட்டும். ஒக்கியின்போது காணாமற்போனவர் எத்தனை பேர் என்னும் கணக்கே நாளுக்கொன்றாக மாறியதையும், அதனால் தேடுதல் எவ்வளவு தடுமாறியது என்பதையும் நாம் அறிவோம்.

கொண்டலும் கச்சானும் வாடையும் நம் முன்னோர் முகத்தில் பட்ட அளவில் அறிந்த காற்றுகள். அவர்கள் அறிந்ததை ஒளிக்கவில்லை. பிள்ளைகளைக் கட்டுமரத்தில் ஏற்றி, கைபிடித்துச் சொல்லிக்கொடுத்தார்கள். இன்று மிதவையும் ரேடாரும் அதே வேலையை விரிந்த அளவில் செய்கின்றன. அவை சொல்வது நம் ஊரின் கடைசிப் படகுக்கும் கேட்கும்படி செய்யவேண்டியது நம் பொறுப்பு. இவ்வாரமே உங்கள் ஊரில் அந்தக் கரும்பலகையை எங்கே மாட்டலாம் என்று பாருங்கள்.